திங்கட்கிழமை மௌனம்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்தச் சிலேட்டு கீழே விழுந்தது. மௌன விரதம் இருந்த திங்கட்கிழமைகளில் நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த அதே சிலேட்டு. ஏழெட்டு வருஷம் கிடந்தும், விழுந்தும் உடையவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எழுபதுகளின் கடைசியில் நம் தெரு பஜனை மடத்துக்கு ஒரு சாமியார் கீதை சொல்ல வந்தாரே, நினைவிருக்கிறதா? கேட்கக் கேட்க எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நாற்பது வயதுவரை பட்டு நெய்ததெல்லாம் வீண், மனம் அடங்கினால்தான் பிறவிக்கு அர்த்தம் என்று தோன்றிவிட்டது. வாரம் ஒருநாள் பேசாமல் இருந்து பாருங்கள், அமைதி தானாக வரும் என்றார் அவர். மறுநாளே சிலேட்டு வாங்கினேன். எழுத்துக்கூட்டத் தெரியாத பெண்டாட்டிக்கு எழுதிக் காட்டச் சிலேட்டு வாங்கியவன் ஆரணியிலேயே நான் ஒருத்தன்தான்.

நீ சண்டை போடவில்லை. "வாய்க்கு மட்டுந்தான் விரதமா? வயித்துக்கு இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே சோறு போடுவாய். நான் எழுதியதை எதிர்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, படிக்கச் சொல்லிக் கேட்டு வருவாய். பெரும்பாலும் உப்புக் கம்மி என்றுதான் எழுதியிருப்பேன். பெரிய ஞானி!

கரை வேறு நிறமாக உள்ள புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். கால்மிதி இருக்கும் தறிக்குழியில் நான், வலப்பக்கம் நீ. கரை நூல் சுற்றிய நாடாவை நீ இழைகளுக்குள் தள்ளினால்தான் எனக்கு அடுத்த இழை. அந்தத் திங்கட்கிழமை காலை உன் கை தாமதித்தது.

"நெஞ்சை என்னமோ அடைச்சிகினு இருக்குதுங்க. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாங்களா?" என்றாய்.

'நாளைக்குப் போகலாம்' என்று எழுதிக் காட்டினேன். எதிர்வீடு அன்று பூட்டியிருந்தது. நீ சிலேட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"போலாம்னு எழுதிகீறீங்களா, வேணாம்னு எழுதிகீறீங்களா? தலையையாவது ஆட்டுங்களேன்."

தலையாட்டினாலும் விரதத்துக்குப் பங்கம் என்று எனக்கு ஒரு வைராக்கியம். கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நிமிடம் மனசு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா? அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான்கு மணிக்கு நீ தறிமேலேயே சாய்ந்தாய். உன் பெயரைச் சொல்லித் தெருவே கேட்கக் கத்தினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வாடகைக் கார் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் என் மடியிலேயே போய்விட்டாய்.

கருமாதி முடிந்ததும் சாமியாரிடம் போனேன், திட்டுவதற்கென்றே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "நாக்கைத்தாம்பா அடக்கச் சொன்னேன். காதை மூடிக்கச் சொன்னது யாரு?" என்றார். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வசவோடு அப்படியே திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு மடத்துப் பக்கமே நான் போகவில்லை.

அன்று பள்ளிக்கூடம்கூடப் போகாத குழந்தையாக இருந்த நம் பெண், இப்போது உன் இடத்தில் உட்கார்ந்து கரை போடுகிறாள். அவள் "அப்பா" என்று வாயெடுத்தாலே, "போலாம்மா, போலாம்" என்கிறேன்.

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியேப்பா" என்று சிரிக்கிறாள்.

அவள் கேட்கவில்லைதான். கேட்டது நீ.