கூண்டுக்கு வெளியே எடுத்த தண்ணீர்

மட்டாஞ்சேரி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

பாலக்காட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

நீ கிளம்பிய மறுநாளே இடக்கொச்சிக்குப் போனேன். காயலில் நீ கரிமீன் வளர்த்த கூண்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் எடுத்து, எங்கள் ஆய்வகத்து நானோ துகள் கரைசலை விட்டேன். ஊதா விளக்கைக் காட்டியதும் பச்சையாக ஒளிர்ந்தது. அழுகலில் உண்டாகிற விஷவாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு கரைந்த தண்ணீர்தான் அப்படி ஒளிரும். பக்கத்துக் கூண்டு வறீது சேட்டன், "நான் அன்னைக்கே சொன்னேனே மோளே, அவன் போட்ட தீனி அழுகித்தான் மீன் எல்லாம் செத்துச்சு" என்றார். நீயும் அதையே சொல்லித்தானே அழுதாய்.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, யாரும் மீன் வளர்க்காத இடத்திலிருந்தும் ஒரு குப்பி எடுப்பது எங்கள் வழக்கம். உன் வள்ளத்தை எடுத்தேன். துடுப்புப் போடத் தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றினேன். கடைசியில் சேட்டனே ஏறி, ஓடை வந்து சேரும் இடத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் குப்பி உன்னுடையதைவிடப் பளிச்சென்று ஒளிர்ந்தது.

விஷம் ஓடை வழியாக வந்திருக்கிறது. உன் தீனியால் இல்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். இங்கே மழை விடவில்லை. வள்ளத்தில் நிறைகிற தண்ணீரைத் தினமும் போய் நான்தான் இறைக்கிறேன். தோள் வலிக்கிறது, அவ்வளவுதான்.

உன் அக்கா