பிரிஜ்ஜின் மேல்தட்டில் இருப்பது

அன்ரன்,

பிரிஜ்ஜைத் திறக்க முதல் இதை வாசியுங்கோ. மேல்தட்டில பிரவுண் பைக்குள்ள இருக்கிறது டெஸ்டுக்குக் குடுக்க வேண்டிய என்ர மலம். நேற்று நான் வைச்ச போத்தலை, இண்டைக்கு வீட்டில செபமாலைக்கு ஆக்கள் வருகினம் எண்டு நீங்கள் குப்பையில போட்டது எனக்குத் தெரியும். காலமை திரும்பப் புதுசா எடுத்து வைச்சிருக்கிறன். வேலையால வந்து நானே லாப்பில குடுப்பன். கை வைக்காதேங்கோ.

"நல்லாத்தானே இருக்கிறாய், ஏன் வருத்தத்தைத் தேடிப் போறாய்?" எண்டு ராத்திரி கேட்டீங்கள். ஒப்பரேசனில குடலில பழுதான துண்டை வெட்டி எடுத்தாலும் இந்தக் குரோன்ஸ் வருத்தம் சத்தமில்லாமல் திரும்பி வரும் எண்டு டொக்டர் உங்களுக்கும்தான் சொன்னவர். நோவு வரமுதலே இந்த டெஸ்டில தெரியலாம். அதால நான் தேடித்தான் போவன். குடலுக்குள்ள கமரா விட்டுப் பாக்கவேணும் எண்டால் அதுக்கும் போவன்.

செபத்துக்கு வாற மாக்கிறேட் அன்ரி பிரிஜ்ஜைத் திறந்தால் திறக்கட்டும். என்னெண்டு கேட்டால், நிஷானியின்ர எண்டு சொல்லுங்கோ. மாதாவுக்கு என்ர குடலைப் பற்றி எல்லாம் தெரியும். அன்ரிக்கும் தெரிஞ்சால் ஒண்டும் குறைஞ்சு போகாது.

செபம் முடியக் குடுக்கிற ரோல்ஸ் கீழ்த்தட்டில இருக்கு. சூடாக்கிக் குடுங்கோ. உங்கட மீன்குழம்பு அடுப்பில.

நிஷானி

இடமில்லை, ஓரத்தில எழுதுறன்: போனமுறை தாங்கேலாமல் நோகும்வரைக்கும் பொறுத்திருந்தம். அம்புலன்சுக்குள்ள நான் அழேல்லை, நீங்கள்தான் அழுதனீங்கள். இன்னொருக்கா உங்களை அப்பிடி அழ விடமாட்டன்.