வலது காதின் மேல்விளிம்பு

மார்ச் 4

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் தங்கியிருக்கும் தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். ரோடு போடும் ஆட்களில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். அவர் உங்களுக்கு அனுப்பும் பார்சலில் விலாசம் எழுதித் தருவதும் நானே. அவருடைய கோழிக் கிறுக்கலை எந்தத் தபால்காரராலும் படிக்க முடியாது.

விஷயம் இதுதான். அவருடைய வலது காதின் மேல்விளிம்பில் பருப்பளவுக்கு ஒரு புண். செதில் செதிலாகக் காய்ந்திருக்கிறது. சீப்பு பட்டால் ரத்தம் கசிகிறது. பொருக்கு விழுகிறது, மறுபடி கட்டுகிறது. நான்கு மாதமாக ஆறவில்லை. சொன்னால், "வெயில்ல நிக்கிறவனுக்குத் தோல் உரியத்தானே செய்யும்" என்று சிரிக்கிறார். அந்த வெயில்தான் எனக்குப் பயம். வழக்கமாக என்னிடம் வந்த ஒரு கொத்தனாருக்கு உதட்டில் இப்படித்தான் ஆரம்பித்தது. புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தோல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் அக்கா. நீங்கள் சொன்னால் கேட்பார்.

தங்கை முறையில்,
கடைக்காரி

மார்ச் 15

கடைக்கார அம்மாவுக்கு,

உறையைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். இரண்டு வருடமாகப் பார்சல்களின் மேல் அந்த முத்து முத்தான எழுத்தைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருக்கிறேன். யார் எழுதியது என்று கேட்டால், தபால் ஆபீஸ் குமாஸ்தா என்பார். குமாஸ்தாவுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கவும் தெரியும் என்று இன்றுதான் அறிந்தேன்.

பத்தொன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அவர் உடம்பில் எந்த மச்சம் எங்கே என்று எனக்குத் தெரியும். நான் பார்க்காத புண்ணை நீங்கள் பார்த்தீர்களாம். அவ்வளவு பக்கத்தில் நின்றா முடி வெட்டுவீர்கள்? நெருப்பில்லாமல் புகையுமா?

களிம்பு அனுப்பிவிட்டேன். கடையை மாற்றச் சொல்லியும் எழுதிவிட்டேன். இனி அந்தக் காது என் கவலை.

இப்படிக்கு,
அவருடைய மனைவி

ஜூன் 20

அக்கா,

முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

உங்கள் சொல்லைத் தட்டாமல் மூன்று மாதம் அவர் என் கடைப்பக்கம் வரவில்லை. போன வாரம் எதிர்ச்சாரியில் போனார், காதில் பிளாஸ்திரியோடு. பாதி வெட்டிய தலையோடு ஒருவரை நாற்காலியில் விட்டுவிட்டு ஓடினேன். பிரித்துப் பார்த்தால் புண் மொச்சை அளவு, கெட்டியாக. அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கழுத்திலும் தாடைக்குக் கீழும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார், இல்லை. கண்ணால் பார்த்து மட்டும் முடிவு சொல்ல முடியாது என்று, காதை மரத்துப்போக வைத்து, துளி சதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். நேற்று முடிவு வந்தது. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று எழுதியிருக்கிறது. தோலின் மேலடுக்குச் செல்களில் வரும் புற்றுநோயாம். வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும், ஆனால் காதில் வந்தது பரவக்கூடியது, தள்ளிப்போட வேண்டாம் என்றார். ஜூலை இரண்டாம் தேதி ஆபரேஷன்.

உறவுக்காரர் கையெழுத்து கேட்கிறார்கள். என்னைப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அது உங்கள் இடம். வந்து சேருங்கள்.

கடைக்காரி

ஜூலை 9

தங்கைக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்னும் அழகாக இருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். இத்தனை நாள் எரிந்தது வீண்தானா என்று அதற்கும் ஒரு கோபம்.

காதின் மேல்பகுதியைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டிய ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. மனசு கேட்காமல், முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். மார்ச்சிலேயே வந்திருந்தால் இரண்டு தையலோடு போயிருக்கும் என்றார். இவர் உடனே, தன் அலட்சியம்தான் காரணம் என்று தலைகுனிந்தார். நீங்கள் எனக்கு எழுதியதே அவருக்குத் தெரியாது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, உங்கள் கடை சுத்தமில்லை என்று பொய் எழுதினேன். வெயில் காந்தலுக்கு என்று சொல்லித்தான் களிம்பு அனுப்பினேன். நீங்களும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கட்டிலோரம் நின்றே சொன்னேன்: "அந்தம்மா எனக்கு மார்ச்லயே எழுதினாங்க. நான்தான் பொறாமையில மறைச்சுட்டேன்." இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டார். நான் ஊருக்குக் கிளம்பும்வரை அவ்வளவுதான்.

நீங்கள் முதலில் பார்த்துவிட்டீர்கள் என்பது இன்றும் எனக்கு எரிகிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நோய் திரும்பி வரலாமாம். டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார். நடுவில் யார் பார்ப்பது? நான் இங்கே, அவர் அங்கே. மாதாமாதம் உங்கள் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நெற்றி, இரண்டு காது, பின்கழுத்து எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காதுக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். நான்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா