விற்கக் கூடாத பங்குகள்

விருத்தாசலம்

அன்புள்ள ஜோஸ்பினுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஹிதாயத்துல்லா பாய் தன் பீங்கான் கம்பெனிப் பங்குகளை, நான் வேலை பார்க்கும் அவருடைய கல்வி அறக்கட்டளைக்கே எழுதிவைக்க விரும்பினார். தனக்குப்பின் மகன்கள் கம்பெனியை விற்றால் அறுபது பேருக்கு வேலை போய்விடும் என்பது அவர் கவலை. விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பத்திரத்தை நான்தான் பெருமையாக எழுதினேன். ஆடிட்டர் படித்துவிட்டுச் சிரித்தார். வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை, தானமாக வந்த பங்குகளைக் குறித்த கெடுவுக்குள் விற்றுவிட வேண்டுமாம். பரீட்சைக்கு வரும் பிள்ளை புத்தகத்தை வாசலிலேயே வைத்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வோமே, அதுபோல.

“விக்கக் கூடாதுன்னுதானே சார் குடுக்கிறேன்! வெலக்கே வேணாம், வரியக் கட்டிட்டுப் போவோம்” என்றார் பாய்.

“பிள்ளைங்க உதவித்தொகை குறையுமே, பாய்?”

“கொறையட்டும் சார். அப்பனுக்கு வேல இருந்தா புள்ளய அவனே படிக்க வெச்சிக்குவான்.”

திங்கட்கிழமை பதிவு. என்னையும் ஓராண்டுக்கு அறங்காவலராகச் சேர்த்துவிட்டார். அதனால் நான் ஊர் திரும்புவது இன்னும் ஓராண்டு தள்ளிப்போகிறது. பூண்டு ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. தனியாகச் சாப்பிடச் சோறு இறங்கவில்லை. உன்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். திட்டியாவது இரண்டு பக்கம் எழுது.

அவசரத்தில்,
லாரன்ஸ்