ஜப்பான் சூப்பின் உப்பு

சஃபாவின் வாப்பாவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் வீட்டுக்கு வர விரும்புகிறீர்கள் என்று சஃபா சொன்னாள். பாரிசவாதத்தில் இடது கை விழுந்தவரைப் பார்த்துக்கொள்ள உங்கள் புது மனைவிக்கு நேரமில்லையாம்.

நீங்கள் புதிதாகப் பிடித்துக்கொண்ட ஜப்பான் சாப்பாட்டை நான் ஒருநாளும் பழித்ததில்லை. மீன், கடற்பாசி, வயிறு நிறையுமுன் எழும்பிவிடும் பழக்கம் எல்லாம் நல்லவைதான். நீங்கள் மெலிந்ததும் அதனால்தான். மிசோ சூப்பிலும் ஊறுகாயிலும் உப்பு அதிகம், பிரஷர் குளிசையை நிறுத்தாதீர்கள் என்று மட்டுமே சொன்னேன்.

"உனக்குப் பொறாமை. ஜப்பான்காரன் நூறு வயசு வாழுறான். நீ உப்பில்லாத கறியைத் தந்து இருபது வருசமா என்னைச் சாகடிச்சாய்" என்றீர்கள். பக்கத்தில் இருந்து உங்கள் புது மனைவியும் சிரித்தாள்.

இப்போது அந்தக் கறிதான் வேண்டுமாம்.

உங்கள் அறையில், கிளேட்டன் கம்பஸில் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையொருத்தி வாடகைக்கு இருக்கிறாள். "அன்ரி, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். அவளை அனுப்ப எனக்கு மனமில்லை.

கறி வைக்கும் முறையை எழுதிச் சஃபாவிடம் தந்திருக்கிறேன். உங்கள் மனைவிக்கு நேரமில்லாவிட்டால் நீங்களே சமையுங்கள். கிண்டுவதற்கு ஒரு கை போதும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா