கண்மாய்த் தண்ணீரை வெளியே இறைத்தவர்கள்

அருப்புக்கோட்டை,
ஆடி 14, திங்கள்.

சிரஞ்சீவி திம்மையாவுக்கு உன் அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. சௌடேஸ்வரி அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உன் தங்கை ராமலட்சுமியும் சுகமாக இருக்கிறோம், நீயும் சுகம் என்று உன் கடிதத்தில் கண்டு சந்தோஷம். எழுத்து கோணல்மாணலாகக் கிடப்பதை முதலில் மன்னித்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனால் எழுத்து கோட்டில் உட்கார மாட்டேன் என்கிறது. தறியில் ஒரு இழை பிசகினால் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும், இங்கே ஒரு கொம்பு போட மூச்சு வாங்குகிறது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடுகிறது, ஆகையால் மேலே போட்ட தேதி ஆரம்பித்த தேதி. ஆனாலும் இது என் கை எழுதிய கடிதம், வாசித்த பிறகு அடுப்பில் போட்டுவிடாதே.

இவ்வளவு நாளும் தபாலாபீசு வாசலில் உட்காரும் பால்ச்சாமிதான் நான் சொல்லச் சொல்ல எழுதித் தந்தான். பந்தாட்டத்தில் அவன் பச்சைக் கட்சிக்காரன் என்பது உனக்குத் தெரியும். போன கார்த்திகையில் உன் அம்மாவின் முழங்கால் வலி தேவலை என்று எழுதச் சொன்னேன். அவன் அதை எழுதிவிட்டு, நம் சிவப்புக் கட்சி நாலு கோல் வாங்கி மானம் கெட்டது, நான் இனி பந்தாட்டம் பார்க்க மாட்டேன் என்று என் பேரில் எழுதி, அதற்குக் கீழே என் கட்டைவிரலையும் உருட்டி வாங்கிக்கொண்டான். நீ வருத்தப்பட்டு எழுதிய பதிலை அவனே எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கே சிலேட்டு வாங்கினேன். நெசவாளர் சங்கத்தில் சாயங்காலம் நடக்கிற முதியோர் வகுப்பில் தை மாதம் சேர்ந்து இப்போது உன் கடிதத்தை நானே வாசிக்கிறேன். நேற்று பஸ் ஸ்டாண்டில் மதுரை, விருதுநகர், மல்லாங்கிணறு என்று ஒவ்வொரு பஸ்ஸாக வாசித்துக்கொண்டு நின்றதில் வீட்டுக்கு நேரமாகி உன் அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

அப்படிச் சந்தோஷமாக வாசித்த முதல் கடிதத்தில் நீ என்ன எழுதியிருக்கிறாய் பார். ஆவணி இருபத்தைந்தாம் தேதி தங்கை கல்யாணத்துக்கு வர முடியாது, அந்த வாரம் எங்கள் கிளப்புக்கு பைனல் இருக்கிறது, லீவு அதற்குத்தான் சொல்லி வைத்திருக்கிறேன் என்று. எங்கள் கிளப்பு என்கிற இடத்தை இரண்டு தடவை எழுத்துக் கூட்டி வாசித்தேன், எனக்குத்தான் தப்பாகத் தெரிகிறதோ என்று. அந்தப் பதினொரு பேரில் ஒருவனுக்காவது உன் பேர் தெரியுமா. நீ சேலைக் கடையில் மடித்துப் போடுகிற சேலையாவது அவர்கள் வீட்டுக்குப் போயிருக்குமா. அது ரத்தத்தில் ஊறிவிட்டது என்று வேறு எழுதுகிறாய். உன் ரத்தம் எனக்குத் தெரியாதா. நாலு வருடத்துக்கு முன் நீ கல்கத்தாவில் இறங்கினபோது கடைக்காரர் சொன்ன மெஸ்ஸில் இடம் இல்லை, அடுத்த சந்து மெஸ்ஸில் ஒரு கட்டில் காலியாக இருந்தது என்று எழுதினாய். அந்த மெஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கிளப்பு, நீயும் அந்தக் கிளப்பு ஆனாய். முதல் மெஸ்ஸில் எவனாவது காய்ச்சல் வந்து ஊருக்குப் போயிருந்தால் அந்தக் கட்டில் உனக்குக் கிடைத்து, இன்றைக்கு நீ எதிர்க் கிளப்புக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பாய். ஒரு கயிற்றுக் கட்டிலில் பிறந்த பக்திக்கு ரத்தம் என்று பேர் வைக்கிறாய்.

உன்னை மட்டும் சொல்லவில்லை, இந்த ஊரில் எவன் எப்படிச் சேர்ந்தான் என்று எனக்கு அத்துப்படி. சாயப்பட்டறை மொக்கையன் சிவப்பானது அந்தக் கட்சியின் பனியன் அவன் தொட்டியில் முக்கினதால். அந்தச் சாயமும் இடைவேளைக்குள் வேர்வையில் இறங்கி, ஆடுகிறவன் காற்சட்டை எல்லாம் சிவந்து, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவன் மாதிரி நிற்பான். டீக்கடை சந்தனம் பச்சையானது அவன் கடை திறந்த அன்று மீந்த வடையை எல்லாம் பச்சைக் கட்சிப் பையன்கள் வாங்கித் தின்றதால். இன்றைக்குப் பச்சையை ஒரு வார்த்தை சொன்னால் கிளாசைத் தூக்கிக்கொண்டு வருகிறான், அவன் விசுவாசம் ஊசிப்போன வடை விசுவாசம். கடலை விற்கிற மூக்கம்மாள் ஒருத்திதான் புத்தியுள்ளவள். ரெண்டும் சமமா நிக்கட்டும் தாயேன்னு வேண்டிக்கிடுவேன், இன்னும் அரை மணி ஆடுவாய்ங்க, இன்னொரு பெட்டி கடலை போகும் என்று என்னிடமே சொன்னாள். நான் எப்படிச் சிவப்பானேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. காய்ந்த கண்மாய்க்குள் ரெண்டு கட்சியும் ஆடுகிற இடத்துக்குத் தென்பக்கம் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அமாவாசைக்குத் தறி ஓடாது, தறிக் குழிக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்தவன் நிழலைப் பார்த்துப் போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சிவப்பு. அவ்வளவுதான் என் கொள்கை. பதினெட்டு வருடம் அந்த மர நிழலுக்காகத்தான் சண்டை போட்டிருக்கிறேன்.

இனி நான் எழுதப்போவதை உன் அம்மா எழுதாதே என்றாள். எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். சித்திரை அமாவாசையன்று நம் ஊர் பைனல். ராமலட்சுமிக்கு அப்போதுதான் வேங்கடபதி மகனைப் பேசி முடித்திருந்தோம், தாம்பூலம் மாற்ற வேண்டியதுதான் பாக்கி. வேங்கடபதி பச்சை. முதல் நாள் சாயங்காலம் ஒரு கோடை மழை அடித்து, கண்மாய்க்குள் ஆடுகிற இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. விடிந்ததும் ரெண்டு கட்சிக்காரர்களும் வாளி, குடம், பாவுக்குப் போடும் பசைச் சட்டி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தோம். ஆமாம், ஆரம்பித்தோம். பங்குனி முழுக்க நம் தெருப் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மைல் நடந்தார்கள், நாங்கள் கண்மாய்க்குள் நின்ற தண்ணீரைக் கரைக்கு வெளியே கொட்டினோம். கொஞ்ச நேரத்தில் கரை வரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு அவரவர் எதிர்க் கட்சி கோல் பக்கமாகக் கொட்ட ஆரம்பித்தார்கள். வேங்கடபதி என் கண் முன்னாலேயே எங்கள் கோலுக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்தார். என்ன சம்பந்தி, எங்கிட்டுக் கொட்டுறீக என்று கேட்டேன். உங்க கோல் காக்கிற பயலுக்கு நீச்சல் தெரியும்ல, அப்புறம் என்ன என்றார். உங்க ஆளுகளுக்குக் காய்ஞ்ச தரையிலயே பந்து கண்ணுக்குத் தெரியாது, ஈரத்தில என்னத்தைக் கிழிக்கப் போறாக என்று சொல்லி என் வாளியை அவர் பக்கம் வீசினேன். தரையில் விழ வேண்டியது அவர் மேல் விழுந்தது. அறுபது வயது மனிதர், தலை முதல் கால் வரை சேறு. இந்த வாளியோட சம்பந்தமும் போச்சு என்று சொல்லிவிட்டு அவர் வாளியை என் மேல் ஊற்றினார்.

அந்த நேரத்தில் எம்.ரெட்டியபட்டி சங்கையா என்கிற வெள்ளாமை செய்கிற சம்சாரி ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவர் கரை மேல் வந்து நின்றார். என்னய்யா செய்றீக என்றார். பந்தாட்டம் இருக்கு, தண்ணியை வெளியேத்துறோம் என்று எவனோ சொன்னான். அவர் ஆட்டை இழுத்துப் பிடித்து நின்று எங்கள் வாளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, நாங்க மழைக்கு மானத்தைப் பாத்துப் பாத்துக் கழுத்து வலிச்சுக் கெடக்கோம், உங்களுக்குத் தண்ணி எடஞ்சலா இருக்காக்கும், கண்மாய்க்குள்ள கெடக்கிற தண்ணியை வெளிய எறைக்கிற கூட்டத்தை இன்னைக்குத்தான் பாக்கேன் என்றார். அப்புறம் நனைந்து நின்ற எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, சின்னப் பயலுகன்னா விட்டுறலாம், பெருசு ரெண்டும்ல நிக்கி, இப்பிடி ஒத்துப்போற ஆளுக எங்க கெடைப்பாக, பேசாம நீங்க ரெண்டு பேரும் சம்பந்தம் பண்ணிக்கிடுங்க என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சங்கையா சிரிக்கவில்லை. கீழே இறங்கி வந்து ஆட்டுக்கு அந்தத் தண்ணீரைக் காட்டி, அது குடிக்கும் வரை பொறுத்திருந்து, திரும்பிப் பார்க்காமல் போனார். பைனல் அன்று நடக்கவில்லை.

அதற்குப் பிறகு வேங்கடபதி வீட்டிலிருந்து இரண்டு மாதம் ஒரு சொல் இல்லை. ராமலட்சுமி அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. நான் தறியில் இருக்கும்போது நூல் தார் சுற்றிக்கொண்டே, ஏப்பா, பொண்ணு பாக்க வந்தப்போ எனக்குப் பாட வருமா, நெய்ய வருமான்னு கேட்டாக, கோல் போட வருமான்னு யாரும் கேக்கலையே என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத் தறி நாடா கையில் ஓடவில்லை.

ஆனி அமாவாசைக்குக் கண்மாய் காய்ந்து கிடந்தது, ஆட்டம் வைத்தார்கள். நான் வேப்பமரத்துக்குப் போகவில்லை. எதிர்ப் பக்கம், நிழலே இல்லாத பச்சைக் கட்சிப் பக்கம் போய், வேங்கடபதி நின்ற இடத்தில் ஒரு முழம் தள்ளி நின்றேன். பால்ச்சாமி, பெருசு வழி தெரியாம வந்துருச்சு என்றான். வேங்கடபதி திரும்பவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. இடைவேளையில் அவர் கையில் இருந்த குடை கொஞ்சம் என் பக்கம் சாய்ந்தது, முகம் மட்டும் சாயவில்லை. இரண்டாவது பாதியில் பச்சைக் கட்சி ஒரு கோல் போட்டது. திம்மையா, இதை எழுதக் கை கூசுகிறது, நான் கத்தினேன். மரியாதைக்குக் கத்தவில்லை, வயிற்றிலிருந்து வந்தது. துண்டை வேறு சுழற்றினேனாம். பதினெட்டு வருடச் சிவப்பு ஒரு குடை நிழலில் ஒரு மணி நேரத்தில் வெளுத்துப்போனது, மொக்கையன் சாயம்கூட அதற்கு மேல் நின்றிருக்கும். வேங்கடபதி அப்போதுதான் என் முகத்தைப் பார்த்து, தொண்டை நல்லாத்தான இருக்கு சம்பந்தி, இதை வச்சுக்கிட்டா இத்தனை வருசம் அங்கிட்டு நின்னு வீணாக் கத்துனீக என்றார். அடுத்த வாரம் தாம்பூலத்தோடு வந்துவிட்டார்கள். எந்தக் கட்சி இப்ப நீரு என்று சந்தனம் கேட்கிறான், குடை இருக்கிற கட்சி என்று சொல்லிவிட்டேன்.

இதை எல்லாம் பார்த்தவன் நான், என்னிடம் ரத்தம் என்று எழுதாதே. உன் கிளப்பு ஜெயித்தால் கோப்பையை உன் மெஸ்ஸுக்கா கொண்டு வரப்போகிறார்கள். நீ ஒருத்தன் போகாவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு கிறுக்கன் நின்று கத்துவான், ஆட்டம் நடக்கும். இங்கே அப்படி இல்லை. மணவறையில் தங்கை கையில் பொரி அள்ளிப் போட அண்ணன் வேண்டும். வேங்கடபதி இரண்டு தடவை கேட்டுவிட்டார், மகன் வாரார்ல என்று. வாரான் என்று சொல்லியிருக்கிறேன். நீ வராத காரணத்தைச் சொன்னால் அவர் கோபப்பட மாட்டார், பைனல்னா பாவம் என்ன செய்வாரு என்று உன் பக்கம் பேசுவார், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. பால்ச்சாமிக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. ராமலட்சுமி எனக்குந் தங்கச்சிதான், அவன் வரலைன்னா பொரியை நான் போடுறேன் என்று டீக்கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறான். நீ அங்கே எவனோ அடிக்கிற கோலுக்குக் குதிக்கும்போது இங்கே உன் இடத்தில் அவன் நிற்பான். நாலு கோல் எழுதினவன் அதையும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவான். நான் அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, உன் பதிலைப் பார்த்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

 உனக்கென்று ராமலட்சுமியே சரிகைக் கரை வைத்து ஒரு வேட்டி நெய்திருக்கிறாள், தறியிலிருந்து அறுத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். கரை என்ன நிறம் என்று கேட்டேன், எந்தக் கட்சி நிறமும் இல்லை என்றாள்.

மெட்ராஸில் இறங்கி விருதுநகருக்கு டிக்கெட் எடு, அங்கிருந்து பஸ்ஸு அடிக்கடி இருக்கிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மைதானத்தில் எவனோடும் கைகலப்பு வேண்டாம், உனக்கு அவன் மேல் என்ன கோபம், அவன் வேறு கட்டிலில் படுத்தான், அவ்வளவுதானே. அம்மா ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள், நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு. அடுத்த திங்களும் எழுதுவேன், நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் எழுதுவேன், ஆவணி இருபத்தைந்து வரை வாரம் ஒன்று வரும், இனி நான் சொல்வதை நடுவில் நின்று மாற்ற எவனும் இல்லை. இந்த இடத்தில் இதுவரை கட்டைவிரல் வைப்பேன். இன்றைக்குப் பேர் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சௌடப்பன்