செக்காகத் திரும்பி வந்த வரி

திருக்காட்டுப்பள்ளி
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மலர்கொடிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் ஒரு வாரமாகக் கொதித்துக்கொண்டு இருக்கிறது. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். முழுக்கப் படி.

பைபாஸ் ரோட்டுக்கு நம் வாய்க்காலடி வயலை எடுத்துக்கொண்டதை நீ மறந்திருக்க மாட்டாய். மனு கொடுத்தோம், மறியல் செய்தோம், ஆட்சியில் இருக்கிற கட்சிக்காரரும் இல்லாத கட்சிக்காரரும் வந்து பேசிவிட்டுப் போனார்கள், கடைசியில் கதிர் பால் பிடித்து நின்ற வயலில் மண்வெட்டும் மிஷினை இறக்கினார்கள். கொடுத்த பணத்தை, வேறு வயல் வாங்கும்வரை இருக்கட்டும் என்று பேங்கில் டெபாசிட் போட்டோம். அதன் வட்டியில் மூன்று வருஷமாக வரி என்று பிடித்திருக்கிறார்கள். நெல் விளைவிக்கிறவருக்கு என்ன வரி என்று கேட்டால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று வருஷா வருஷம் ஒரு பாரம் கொடுத்திருக்க வேண்டுமாம். டெபாசிட் போட்ட அன்றைக்குக் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தவர்களுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பிடித்ததைத் திரும்ப வாங்க, தஞ்சாவூர் ஆடிட்டர் ஹபீப் முகம்மது மூலம் எழுதிப் போட்டோம். பணம் நேரே பேங்க் கணக்கில் ஏறிவிடும் என்றார். நம்மோடு எழுதிப் போட்ட பக்கத்து வயல் துரைராசுவுக்கு ஆடியிலேயே ஏறிவிட்டது. நமக்கு ஆவணியும் போயிற்று, புரட்டாசியும் போயிற்று. அதற்குள் உன் சங்கிலிக்கு ஏல நோட்டீஸ் வந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் போர் போடுவதற்குப் பேங்கில் அடகு வைக்கச் சொல்லி உன் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாயே, அதுதான். டெபாசிட்டை உடைத்தால் இனி வயலே வாங்க முடியாது என்று அப்பா அதைத் தொட விடவில்லை, இந்த வரிப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். தையில் நீ வரும்போது உன் வெறும் கழுத்தைப் பார்க்க வேண்டுமே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் தபால்காரர் ஐயாவு ஒரு கவரைக் கொண்டுவந்தார், உள்ளே அப்பா பேருக்கு ஒரு செக். எனக்கு வந்ததே கோபம். செக்கைப் போட்டால் அது பாஸாகி வர நாளாகும், ஏலமோ திங்கட்கிழமை. துரைராசுவுக்குக் கணக்கில் போட்டவர்களுக்கு நமக்கு மட்டும் என்ன வந்தது என்று அப்பாவை இழுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். அங்கே உன் வயசுப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, நீங்க எழுதிக் கொடுத்தது நகைக்கடன் நம்பருங்கம்மா, அதுல ரீபண்டு ஏறாதுங்க, திரும்பிப் போயிடுச்சு, அதான் செக்கா அனுப்பியிருக்காங்க என்றாள். வட்டி மட்டும் அந்த நம்பர்ல நல்லா ஏறுதேம்மா என்று கேட்டேன். பேங்கே திரும்பிப் பார்த்தது. ஆடிட்டருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாக, உங்க வீட்டுக்காரர் கைப்பட எழுதிக் கொடுத்த நம்பர்தாங்க அது என்றார்.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். தெரிஞ்சுதான் எழுதுனேன், நம்ம கணக்குக்கு வந்தா உரக்கடைக்கும் டீசலுக்கும் மொய்க்குமே போயிடும், நேரா புள்ள சங்கிலிக்குப் போய்ச் சேரட்டும்னு பார்த்தேன் என்றார். அவரைத் திட்ட வாயைத் திறந்தவள் அந்தப் பெண்ணிடம்தான் திரும்பினேன். அவர் எழுதுனதுல என்னம்மா தப்பு, கடனை அடைக்கிற பணம் கடன் கணக்குக்குப் போகாம வேற எங்க போகும் என்று கேட்டேன். அவள் செக்கை வாங்கிக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனாள். வட்டியை இப்போதே கட்டினால் செக் பாஸாகும்வரை ஏலத்தை நிறுத்தி வைப்பதாக மானேஜர் சொன்னார், விதை நெல்லுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினோம். அதையும் பேங்க் விடவில்லை பார்.

நேற்று செக் பாஸாகி சங்கிலியை மீட்டுவிட்டோம். பஸ்ஸில் வரும்போது அப்பா சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே நின்றார், உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்தும் என்னிடம் கொடுக்கவில்லை, நானே அவ கையில குடுக்கிறேன் என்று தானே பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆகவே தையில் வந்ததும், இங்கேயே இருக்கட்டும்பா, அவசரத்துக்கு ஆகும் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லாதே. வாங்கி அவர் கண் முன்னாலேயே போட்டுக்கொள். மறு வருஷம் ஆற்றில் தண்ணீர் வராவிட்டாலும் கழற்றாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி டூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே. வரும் தேதியை அப்பாவுக்கு நீயே போனில் சொல். நீ நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தர்மாம்பாள் தங்கையன்